டென்மார்க்கின் காற்றாலை வரலாறும் மக்களின் காலநிலைப் புரிதலும்

வடக்கு ஐரோப்பாவில் உள்ள டென்மார்க், ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் வாழும் சிறிய நாடு. மலைகளோ பெரிய ஆறுகளோ அந்நாட்டில் இல்லை. எனவே நீர்மின் உற்பத்திக்கு அங்கு வாய்ப்புக் குறைவு. 1973ஆம் ஆண்டில் அந்நாட்டின் ஆற்றல் தேவையில் சுமார் 90 விழுக்காட்டை இறக்குமதி எண்ணெயே நிறைவு செய்தது. இன்று அங்கு நுகரப்படும் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதி, காற்றாலைகளின் உற்பத்திக்கு ஈடானது. உலக நாடுகளில் இது மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாகும்.

இந்த மாற்றத்துக்கு அரசின் மானியங்களும் பொறியாளர்களின் திறமையும் காரணங்களாகச் சொல்லப்படுவதுண்டு. அவை உண்மையான காரணங்களே. எனினும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வளிமத்தால் புவி வெப்பமடைகிறது என்பதையும், அதற்காகத் தம் ஊரில் காற்றாலை நிற்க வேண்டும் என்பதையும் பொதுமக்கள் எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்பது தனிக் கேள்வி. டென்மார்க்கின் வரலாற்றில் அந்தக் கேள்விக்கான விடை பெரும்பாலும் பள்ளிகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கிடைக்கிறது.

தேர்வு இல்லாத பள்ளிகள்

டென்மார்க்கின் சமயப் போதகரும் கல்விச் சிந்தனையாளருமான குருண்ட்விக் (1783–1872), உழவர் வீட்டு இளைஞர்களுக்கான ஒரு புதிய கல்விமுறையை முன்வைத்தார். பெரியவர்கள் சில மாதங்கள் ஒரே இடத்தில் தங்கிப் படிக்க வேண்டும். தேர்வும் சான்றிதழும் இருக்கக்கூடாது. ஆசிரியரும் மாணவரும் உரையாடிக் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. இக்கருத்தைப் பின்பற்றிய முதல் 'மக்கள் உயர்நிலைப் பள்ளி' 1844இல் ரொட்டிங் என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. 1864ஆம் ஆண்டுப் போரில் அப்பகுதியை டென்மார்க் இழந்ததால், அதன் தொடர்ச்சியாக 1865இல் அஸ்கோவ் என்னும் சிற்றூரில் புதிய பள்ளி எழுந்தது.

இப்பள்ளிகளில் படித்துத் திரும்பிய உழவர்கள் ஊர்தோறும் பால் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். கூடிப் பேசி முடிவெடுப்பது, பங்கு போட்டு ஒரு பொதுச் சொத்தை நடத்துவது ஆகிய இரண்டு பழக்கங்களும் கிராமங்களில் வேரூன்றின. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு காற்றாலைகள் பரவியபோது இவ்விரு பழக்கங்களும் பெரிதும் உதவின.

அஸ்கோவ் ஆசிரியரின் ஆய்வுகள்

பவுல் லா கூர் (1846–1908) டென்மார்க் வானிலை ஆய்வு நிறுவனத்தில் உயர் பதவி வகித்தவர். அதை விட்டு 1878இல் அஸ்கோவ் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தார். அக்காலத்தில் மின்விளக்குகள் நகரங்களுக்கு மட்டுமே வரத் தொடங்கியிருந்தன. கிராமத்துக்கும் மின்சாரம் கிடைக்காவிட்டால் இளைஞர்கள் ஊரை விட்டுப் போய்விடுவர் என்று அவர் கவலைப்பட்டார். கிராமத்தில் தாராளமாகக் கிடைப்பது காற்று. ஆகவே 1891இல், அரசின் நிதியுதவியுடன், மின்னாக்கியைச் சுழற்றும் ஒரு சோதனைக் காற்றாலையைப் பள்ளி வளாகத்தில் நிறுவினார்.

காற்று ஓய்ந்திருக்கும்போது என்ன செய்வது என்பது அன்றும் முதன்மையான சிக்கலாக இருந்தது. காற்று வீசும்போது கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு நீரை மின்பகுப்பு செய்து, அதில் கிடைத்த ஹைட்ரஜனைச் சேமித்து வைத்து, லா கூர் பள்ளிக்கு விளக்கேற்றினார். 1895 முதல் 1902 வரை அஸ்கோவ் பள்ளியில் இவ்வகை விளக்குகள் எரிந்தன. ஹைட்ரஜனுடன் சிறிதளவு ஆக்சிஜன் கலந்துவிட்டால் வெடிப்பு நேரும். அதனால் பள்ளியின் சன்னல் கண்ணாடிகளைச் சில முறை மாற்ற வேண்டியிருந்தது. காற்றாலைச் சிறகுகளின் வடிவத்தை ஆராய அவர் ஒரு காற்றுச் சுரங்கத்தையும் அமைத்தார். மெதுவாகச் சுழலும் பல சிறகுகளைவிட, விரைவாகச் சுழலும் சில சிறகுகளே மின் உற்பத்திக்கு ஏற்றவை என்பதை அவருடைய ஆய்வு காட்டியது.

லா கூர் தம் கண்டுபிடிப்புகளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளவில்லை. 1903இல் காற்று மின்சாரத்தைப் பரப்புவதற்கென ஒரு சங்கம் உருவாக அவர் காரணமாக இருந்தார். 1904 முதல் கிராமப்புற இளைஞர்களுக்கு மின்பணிப் பயிற்சி அளித்தார். பயிற்சி பெற்றவர்கள் ஊர் திரும்பிச் சிறு மின்நிலையங்களை நடத்தினர். முதல் உலகப் போர் முடிந்த 1918இல் சுமார் 120 ஊர் மின்நிலையங்களில் காற்றாலைகள் இயங்கின.

கெட்சர் காற்றாலை

1904ஆம் ஆண்டுப் பயிற்சியில் கலந்துகொண்டவர்களில் ஒருவர் யொகான்னஸ் யூல் (1887–1969). பின்னாளில் மின் நிறுவனம் ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றிய அவர், தம் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவின் மறுசீரமைப்புக்காக வழங்கப்பட்ட மார்ஷல் திட்ட நிதியின் உதவியோடு, 1957இல் கெட்சர் என்னும் கடலோர ஊரில் 200 கிலோவாட் திறனுள்ள காற்றாலையை அவர் அமைத்தார்.

அதற்கு மூன்று சிறகுகள். சுழலும் வட்டத்தின் விட்டம் 24 மீட்டர். கடும் காற்றில் சிறகுகள் தாமாகவே விசையை இழந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி அவை வடிவமைக்கப்பட்டிருந்தன. சிறகு நுனிகளில் ஆபத்துக்காலத் தடைகளும் இருந்தன. பெரிய பழுது எதுவுமின்றி சுமார் பத்தாண்டுகள் ஓடிய அந்தக் காற்றாலை 1967இல் நிறுத்தப்பட்டது. அந்நாளில் எண்ணெய் மிக மலிவாகக் கிடைத்ததால், காற்று மின்சாரம் விலையில் போட்டியிட முடியவில்லை.

1973: எண்ணெய் நெருக்கடி

1973 அக்டோபரில் மேற்காசியாவில் மூண்ட போரைத் தொடர்ந்து அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் குறைத்தன. விலை பல மடங்கு உயர்ந்தது. ஏறத்தாழ முழுவதும் எண்ணெயையே நம்பியிருந்த டென்மார்க் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 25 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவது தடை செய்யப்பட்டது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் மிதிவண்டியில் சென்றும் பொழுதைக் கழித்தனர். வீட்டை வெப்பப்படுத்தும் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது எல்லா வீட்டிலும் பேசப்படும் பொருளாயிற்று.

அரசும் மின் நிறுவனங்களும் இரண்டு வழிகளைக் கண்டன. ஒன்று நிலக்கரி, மற்றொன்று அணுமின். மின்நிலையங்கள் எண்ணெயிலிருந்து நிலக்கரிக்கு விரைவாக மாற்றப்பட்டன. 1980களில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. எனவே டென்மார்க் தொடக்கத்திலிருந்தே பசுமை ஆற்றலை நோக்கி நடந்தது என்பது சரியன்று. அக்காலத்தில் நாட்டின் கவலை எண்ணெய் வழங்கலைப் பற்றியதாக இருந்தது. கரிம ஈராக்சைடைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே.

அணுமின் பற்றிய விவாதம்

1974 சனவரியில் 'அணுமின் பற்றிய தகவல் அமைப்பு' என்ற மக்கள் அமைப்பு தோன்றியது. அதன் பெயரில் வரும் டேனிய மொழிச் சொல்லுக்குத் தகவல், அறிவொளி என்னும் இரு பொருள்களும் உண்டு. தீர்மானம் எடுக்கும் முன் மக்கள் கற்றுக்கொள்ளவும் விவாதிக்கவும் காலம் வேண்டும் என்று அவ்வமைப்பு கோரியது. 1975இல் அவ்வமைப்பைச் சேர்ந்த ஆன் லுண்ட் என்ற மாணவி வரைந்த சிரிக்கும் சூரியன் சின்னம், 'அணுமின்? வேண்டாம், நன்றி' என்ற வாசகத்துடன் பல மொழிகளில் உலகெங்கும் பரவியது.

நூலகங்களிலும் பள்ளிகளிலும் ஊர் மன்றங்களிலும் கூட்டங்கள் நடந்தன. அணுமின் இன்றியே நாட்டின் தேவையை நிறைவு செய்யலாம் என்று காட்டும் மாற்று ஆற்றல் திட்டம் ஒன்றை 1976இல் பல்கலைக்கழக அறிவியலாளர்கள் சிலர் வெளியிட்டனர். அதே ஆண்டு அரசு அணுமின் முடிவைத் தள்ளிவைத்தது. 1985 மார்ச் 29 அன்று நாடாளுமன்றம் அணுமின்னை நாட்டின் திட்டத்திலிருந்து நீக்கியது. அணுமின் நிலையங்கள் கரிம உமிழ்வு குறைந்தவை என்பதால் அம்முடிவு சரிதானா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. ஆனால் அந்தப் பத்தாண்டு விவாதம் கிலோவாட், மெகாவாட் போன்ற சொற்களைச் சாதாரண மக்களின் பேச்சுக்குள் கொண்டுவந்தது என்பதில் ஐயமில்லை.

தச்சரும் கொல்லரும் மாணவரும்

பெரிய நிறுவனங்கள் தயங்கி நின்றபோது சிறு தொழிலாளிகள் காற்றாலைகளைக் கட்டத் தொடங்கினர். கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர், கெட்சர் வடிவத்தைப் பின்பற்றி 22 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் செய்து, 1970களின் நடுவில் அதைப் பொது மின்கட்டமைப்புடன் இணைத்தார். 1898இல் ஒரு கொல்லுப்பட்டறையாகத் தொடங்கி வேளாண் கருவிகள் செய்துவந்த வெஸ்டாஸ் நிறுவனம், 1979 முதல் காற்றாலைகளை விற்கத் தொடங்கியது. பின்னாளில் அது உலகின் முன்னணிக் காற்றாலை நிறுவனங்களுள் ஒன்றானது.

மேற்குக் கடற்கரைப் பகுதியில் உள்ள ட்விண்ட் என்னும் இடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975இல் ஒரு பெரும் காற்றாலையைக் கட்டத் தொடங்கினர். 1978 மார்ச் 26 அன்று அது இயங்கத் தொடங்கியது. கோபுரத்தின் உயரம் 53 மீட்டர், சுழல்வட்டத்தின் விட்டம் 54 மீட்டர். அந்நாளில் உலகின் மிகப் பெரிய காற்றாலைகளுள் அது ஒன்று. கண்ணாடியிழைச் சிறகுகளை அச்சுடன் பொருத்த அவர்கள் கையாண்ட முறையை மற்றவர்களும் பின்பற்றினர். கட்டுமான நாள்களில் ஏராளமானோர் அதைப் பார்க்க வந்தனர். அந்தப் பள்ளிக் குழுவின் தலைமை பின்னாளில் நிதி தொடர்பான வழக்குகளில் சிக்கியது. ஆயினும் அந்தக் காற்றாலை பல பத்தாண்டுகள் ஓடியது.

1978இல் ரீசோ ஆராய்ச்சி நிலையத்தில் காற்றாலைச் சோதனைப் பிரிவு தொடங்கப்பட்டது. 1979 முதல், அங்கு ஒப்புதல் பெற்ற காற்றாலைகளை வாங்குவோருக்கு அரசு 30 விழுக்காடு மானியம் அளித்தது. தரமற்ற இயந்திரங்கள் சந்தைக்கு வராமல் இந்த நிபந்தனை தடுத்தது.

காற்றாலைக் கூட்டுச் சங்கங்கள்

ஒரு காற்றாலையை ஒரே குடும்பம் வாங்குவது கடினம். ஆகவே அண்டை வீட்டார் சேர்ந்து கூட்டுச் சங்கங்களை அமைத்தனர். ஆண்டுக்கு 1,000 கிலோவாட் மணி மின்சாரம் உற்பத்தி செய்யும் அளவு ஒரு பங்காகக் கணக்கிடப்பட்டது. காற்றாலைக்கு அருகில் வாழ்பவரே பங்கு வாங்கலாம் என்றும், அவரது மின் நுகர்வை ஒட்டியே வாங்கலாம் என்றும் தொடக்கத்தில் வரையறை இருந்தது. 1990களின் இறுதியில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காற்றாலைகளில் பங்கு வைத்திருந்தன.

பங்குதாரர், தம் வீட்டு மின்கட்டணச் சீட்டைப் பார்ப்பது போலவே காற்றாலையின் மாதாந்திர உற்பத்திக் கணக்கையும் பார்த்தார். எந்த மாதத்தில் காற்று குறையும், பழுது பார்க்க எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தன. சன்னலுக்கு வெளியே சுழலும் காற்றாலை அவருடையதாகவும் இருந்ததால், அதன் ஓசையையும் நிழலையும் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது.

பனிக்கட்டி சொன்ன செய்தி

காற்றாலைகள் பரவிய அதே காலத்தில் டென்மார்க்கின் அறிவியலாளர்கள் காலநிலை பற்றிய முக்கிய உண்மைகளைக் கண்டறிந்துகொண்டிருந்தனர். வில்லி டான்ஸ்கார்ட் (1922–2011) என்ற இயற்பியலாளர், பனியில் உள்ள ஆக்சிஜனின் வகைகளை அளந்தால் பழங்கால வெப்பநிலையை அறியலாம் என்று கண்டார். ஆக்சிஜனில் சற்று எடை மிகுந்த ஆக்சிஜன்-18 என்னும் வகை ஒன்று உண்டு. கடுங்குளிரில் பெய்யும் பனியில் அதன் அளவு குறைவாக இருக்கும். ஆண்டுதோறும் பெய்து படிந்த பனி அடுக்குகளை வரிசையாக அளந்தால், ஒவ்வொரு காலத்தின் வெப்பநிலையையும் கணிக்கலாம்.

டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட கிரீன்லாந்தில், கேம்ப் செஞ்சுரி என்னும் அமெரிக்க முகாமில், 1966இல் சுமார் 1,390 மீட்டர் ஆழம் வரை பனிக்கட்டித் தண்டு தோண்டி எடுக்கப்பட்டது. அதை ஆராய்ந்து டான்ஸ்கார்ட் குழுவினர் 1969இல் வெளியிட்ட முடிவுகள் சுமார் ஒரு இலட்சம் ஆண்டுகளின் காலநிலை வரலாற்றைக் காட்டின. கடந்த பனியூழிக் காலத்தில் கிரீன்லாந்தின் வெப்பநிலை சில பத்தாண்டுகளுக்குள்ளேயே பல பாகை மாறியது என்பது பின்னர் உறுதியானது. காலநிலை மிக மெதுவாகவே மாறும் என்ற பழைய நம்பிக்கையை இது அசைத்தது.

கரிம ஈராக்சைடு மிகுந்தால் புவி வெப்பமடையும் என்பதை சுவீடன் அறிவியலாளர் அரேனியஸ் 1896இலேயே கணக்கிட்டிருந்தார். இருந்தும் அது பொதுமக்களின் கவலையாக மாற ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1987இல் நார்வேயின் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையத்தின் அறிக்கை வந்தது. 1988இல் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு அமைந்தது. 1990இல் டென்மார்க் வெளியிட்ட 'ஆற்றல் 2000' திட்டம், 1988ஆம் ஆண்டு அளவிலிருந்து கரிம ஈராக்சைடு உமிழ்வை 2005க்குள் 20 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 1992இல் கரிம ஈராக்சைடு வரி வந்தது.

இவ்வாறு, எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்காகத் தொடங்கிய பணிக்குப் புவி வெப்பமாதல் என்ற புதிய காரணம் சேர்ந்தது. காற்றாலை, வீட்டுச் சுவர்களுக்கு வெப்பக்காப்பு, மின்நிலையக் கழிவு வெப்பத்தைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பும் வட்டார வெப்ப வழங்கல் ஆகியவை மக்களுக்கு முன்பே பழக்கமாகியிருந்தன. எனவே காலநிலை பற்றிய செய்தி வந்தபோது, 'நாம் என்ன செய்ய முடியும்?' என்ற கேள்விக்கு ஊரிலேயே கண்ணால் காணும் விடைகள் இருந்தன.

சாம்சோ தீவு

1997இல் டென்மார்க் அரசு ஒரு போட்டியை நடத்தியது. முழுவதும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாறும் திட்டத்தைச் சிறப்பாகத் தரும் தீவு தேர்ந்தெடுக்கப்படும் என்று அறிவித்தது. சுமார் 4,000 பேர் வாழ்ந்த சாம்சோ தீவு வெற்றி பெற்றது. ஆனால் தீவு மக்கள் பலர் அதில் முதலில் ஆர்வம் காட்டவில்லை.

உழவர் குடும்பத்தில் பிறந்தவரும் சுற்றுச்சூழல் கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவருமான சோரன் ஹெர்மான்சன் இத்திட்டத்தின் பணியாளரானார். ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அங்கு சென்று பேசினார். புவியைக் காப்பாற்றுவது பற்றி மட்டும் பேசாமல், எண்ணெய்க்காகத் தீவை விட்டுப் போகும் பணம், உள்ளூரில் உருவாகக்கூடிய வேலை ஆகியவற்றையும் எடுத்துச் சொன்னார்.

2000இல் நிலத்தில் 11 காற்றாலைகள் எழுந்தன. அவற்றில் ஒன்பது உழவர்களுக்கும் இரண்டு கூட்டுச் சங்கங்களுக்கும் உரியவை. பின்னர் கடலில் 10 காற்றாலைகள் அமைந்தன. அவற்றில் ஐந்து உள்ளாட்சிக்குச் சொந்தமாயின. வைக்கோலையும் மரச்சில்லுகளையும் எரிக்கும் நிலையங்கள் வீடுகளுக்கு வெப்பம் அளித்தன. பத்தாண்டுகளுக்குள் தீவு தன் தேவைக்கு மேல் மின்சாரம் உற்பத்தி செய்தது. எனினும் கார்களும் படகுகளும் தொடர்ந்து எண்ணெயிலேயே ஓடின. அந்த எண்ணெய்ப் பயன்பாட்டுக்கு ஈடாகக் கடல் காற்றாலைகளின் மின்சாரம் வெளியே அனுப்பப்பட்டது.

எதிர்ப்பும் தேக்கமும்

2001க்குப் பின் ஆட்சி மாற்றத்தால் ஆதரவுகள் குறைக்கப்பட்டன. அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் நிலத்தில் புதிய காற்றாலைகள் மிக அரிதாகவே எழுந்தன. காற்றாலைகள் உயரமாயின, விலையும் கூடியது. சங்கங்களின் இடத்தில் பெரு நிறுவனங்கள் வந்தன. இலாபம் வேறெங்கோ செல்ல, ஓசை மட்டும் ஊருக்கு மிஞ்சியது என்ற மனக்குறை பரவி, பல ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. காலநிலை மாற்றத்தை நம்பியவர்களும் தம் வீட்டருகே காற்றாலையை எதிர்த்தனர்.

2009இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதைச் சரிசெய்ய முயன்றது. புதிய காற்றாலைகளில் குறைந்தது 20 விழுக்காடு பங்குகளை அருகில் வாழ்வோருக்கு அளிக்க முன்வர வேண்டும். வீட்டு மதிப்புக் குறைந்தால் இழப்பீடு தர வேண்டும் என்று அது விதித்தது.

இதற்கு முன்பே தலைநகர் கோபன்ஹேகனில் ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது. நகரை ஒட்டிய கடலில் மிடில்குருண்டன் காற்றாலைத் தொகுதி 2000இல் கட்டி முடிக்கப்பட்டது. முதலில் மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகள் திட்டமிடப்பட்டன. பொதுக் கருத்துக்கேட்புக்குப் பின் அது வில் போல வளைந்த ஒரே வரிசையில் 20 காற்றாலைகளாக மாற்றப்பட்டது. அதன் பாதி, 8,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுச் சங்கத்துக்கு உரியது.

எல்லை கடந்த தாக்கம்

1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவுக்கு ஆயிரக்கணக்கான டேனியக் காற்றாலைகள் ஏற்றுமதியாயின. அங்கு வரிச்சலுகை முடிந்ததும் பல நிறுவனங்கள் நொடித்தன. பின்னர் இந்தியா முக்கியச் சந்தையானது. 1980களின் இறுதியில், டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவியோடு தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் காற்றாலைத் தொகுதிகள் அமைக்கப்பட்டன. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பகுதி இந்தியாவின் பெரிய காற்றாலை மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் ஆலைகளும் நூற்பாலைகளும் தம் மின்தேவைக்காகக் காற்றாலைகளில் முதலீடு செய்தன. டென்மார்க்கில் இருந்தது போன்ற அண்டை வீட்டார் சங்கங்கள் அங்கு பரவவில்லை.

இன்றைய நிலை

2019இல், காலநிலைச் சட்டம் வேண்டும் என்று கோரிய மக்கள் முன்மொழிவில் 50,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். அவ்வாண்டுத் தேர்தலில் காலநிலை முதன்மைப் பொருளாயிற்று. 2020இல் நிறைவேறிய சட்டம், 1990ஆம் ஆண்டு அளவிலிருந்து உமிழ்வை 2030க்குள் 70 விழுக்காடு குறைக்க வேண்டும் என்கிறது. வடகடல் எண்ணெய் உற்பத்தியை 2050க்குள் முடித்துக்கொள்ளவும் அவ்வாண்டே முடிவானது. 2030 முதல் கால்நடைகளின் உமிழ்வுக்கு வரி விதிக்க 2024இல் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது.

சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. இறக்குமதி மரத்தை எரிப்பது உண்மையில் கரிமத்தைக் குறைக்கிறதா என்ற கேள்வி எழுந்துள்ளது. காற்று ஓயும்போது நார்வே, சுவீடன் நாடுகளின் நீர்மின்சாரம் கைகொடுக்கிறது. அத்தகைய அண்டை நாடுகள் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கால்நடை வளர்ப்போர் புதிய வரியை ஐயத்துடன் பார்க்கின்றனர்.

காலநிலை அறிவியலைப் படித்துத் தெரிந்துகொண்டதால் மட்டும் டென்மார்க் மக்கள் காற்றாலைகளை ஏற்கவில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கற்றனர், விவாதித்தனர், பங்கு வாங்கினர். அதன் வழியே அறிவியலும் அவர்களுக்கு நெருக்கமானது. பங்கு குறைந்த காலத்தில், அறிவு குறையாதபோதும் எதிர்ப்பு வளர்ந்தது. குறைகரிம ஆற்றலுக்கு மாறும் எந்த நாடும், மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதோடு அதன் பயன் யாருக்குச் சேரும் என்பதையும் தன் மக்களோடு பேச வேண்டியிருக்கும்.